கொடி கட்டப் போன திங்கட்கிழமை

மச்சான்,

போன சனிக்கிழமை ஈப்போவில், சிலிபின் பக்கத்துக் கார் கழுவும் கடையில் என் வேனைக் கழுவக் கொடுத்தேன். உன் மகன் குமரன்தான் கழுவினான். நுரையை வழித்துவிட்டு வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிழிந்து கண்ணாடியைத் துடைத்தான். அது உன்னுடைய பழைய தேர்தல் சட்டை. முதுகில் வேட்பாளரின் முகம் பாதி அழிந்துபோய், மீதிப் பாதி சிரித்துக்கொண்டிருந்தது. வாளியில் இன்னும் இரண்டு நிறத்தில் சட்டைகள் கிடந்தன. மூன்று கட்சிக்கும் உழைத்தவன் ஆயிற்றே நீ. "நல்லா தண்ணி உறிஞ்சுது மாமா, புதுத் துணி வாங்க வேண்டியதில்ல" என்றான்.

நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பாமல் மூன்று வருடம் ஆகிறது. போனவர்களை நினைத்து உருகி எழுதுவதுதான் வழக்கம். எனக்கு உருக்கம் வரவில்லை. கோபம்தான் வருகிறது. அதை உன்னிடம் கொட்டாமல் யாரிடம் கொட்டுவது?

குமரனுக்கு இருபத்து நான்கு வயது. லோரி எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரியும். ஜெலாப்பாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆள் எடுத்தபோது அவனை அழைத்துப் போனேன். அலுவலகத்தில் இருந்த பெண் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தாள். குடியுரிமை என்ற இடத்தில் 'குடிமகன் அல்லர்' என்று இருந்தது. "அப்போ இவரோட வேலை பெர்மிட் எங்க அங்கிள்?" என்று கேட்டாள். எந்த நாட்டிலிருந்து வந்தவன் என்று சொல்லி பெர்மிட் வாங்குவது? நம் தோட்டம் இருந்த ஆயர் தாவார் நாட்டிலிருந்து என்றா?

கடல் தாண்டி வந்தவர்களுக்கு அங்கே படுக்க இடம் உண்டு, காப்புறுதி உண்டு. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நம் பாட்டன்மாரைப் போல அவர்களும் வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவர்கள்தான். இந்த மண்ணிலேயே பிறந்தவனுக்கு அந்தப் பெர்மிட் கூட இல்லை என்பதுதான் என் எரிச்சல். நம் அடுக்குமாடிப் பையன்கள் வேலை போனால் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாவது பிழைக்கிறார்கள். இவனுக்கு அதுவும் முடியாது. அடையாள அட்டை இல்லாதவனுக்கு யார் லைசென்ஸ் தருவார்கள்? போலீஸ் சோதனை நடக்கும் நாட்களில் கார் கழுவும் கடைக்குச் சந்து சந்தாக நடந்து போகிறான், திருட்டுப் பயல் மாதிரி.

போன மாதம் ஒரு விருந்தில் நம் தொகுதியில் ஜெயித்துச் சட்டமன்றம் போன வைபி மேடையேறினார். "நம்ம இளைஞர்கள் சோம்பேறியாயிட்டாங்க, குண்டர் கும்பல்ல சேர்ந்து கெட்டுப் போறாங்க" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அன்றைக்கு நாற்காலிகளை அடுக்கிக் கொடுத்தவன் குமரன். எழுந்து நாலு வார்த்தை கேட்டுவிட நினைத்தேன். கையில் பிரியாணித் தட்டு இருந்தது, உட்கார்ந்தே இருந்துவிட்டேன். உன்னைத் திட்ட எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம்.

ஆட்சி மாறிய மறுநாள் காலை உனக்கு நினைவிருக்கிறதா? சாலையோரத் தேநீர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் நீ ஆளுக்கொரு கிளாஸ் தே தாரேக் வாங்கிக் கொடுத்தாய். தெரியாத சீனப் பெரியவருக்குக்கூட. "பாரு மச்சான், அறுபது வருசமா அசையாதது அசைஞ்சிருச்சு. நம்ம பையனுக்கு இனிமே கவலை இல்லலா" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது, பொய் சொல்லவில்லை. பிறகு அந்த ஆட்சி கவிழ்ந்தது, இன்னொன்று வந்தது, அதுவும் போனது. வைபியின் சேவை மையத்தில் சுவரில் மாட்டிய படம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு புது முகமும் குமரனின் குடியுரிமைக் கோப்பைக் கையில் பிடித்து உன்னோடு படம் எடுத்துக்கொண்டது. விண்ணப்பப் பாரத்தைப் புதிதாக நிரப்பச் சொன்னார்கள். மாதக்கணக்கில் காத்திருந்தால் ஒற்றை வரியில் பதில் வரும்: விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. காரணம் எழுதியிருக்காது. நீ அந்தக் கடிதத்தை மடித்து அதே கோப்பில் வைத்துவிட்டு, அடுத்த தேர்தலுக்குக் கொடிக் கம்பம் நடப் போய்விடுவாய். எத்தனை தடவை சொன்னேன், போதும்டா, உன் முதுகில் ஏறித்தான் அவனுங்க மேடைக்குப் போறானுங்க என்று.

ஆனால் அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி நாம் இருவரும் கடைசிவரை பேசவே இல்லை.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் என் தங்கச்சி கழுத்தில் நீ தாலி கட்டியது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை பட்டணத்துக்குப் போய்த் திருமணத்தைப் பதிய வேண்டும். நான் சாட்சி. தங்கச்சி புதுச்சேலை கட்டி, தன் பச்சை அட்டையைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு லயத்து வீட்டு வாசலில் நின்றாள். அவள் பிறந்ததும் லயத்தில்தான். அந்தப் பிறப்பைப் பதிய ஒருவரும் போகாததால், வளர்ந்தபின் அவளுக்குக் கிடைத்தது தற்காலிகமாகத் தங்குபவர்களுக்கான பச்சை அட்டை. அந்த நேரம் பார்த்துக் கட்சிக் கிளைத் தலைவர் வந்தார். மறுநாள் அமைச்சர் வருகிறார், கொடி கட்ட ஆள் பற்றவில்லை என்றார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான்தான் சொன்னேன்: "தாலி கட்டியாச்சுலா. கையெழுத்து எங்க ஓடிப் போவுது? அடுத்த வாரம் போலாம்." தங்கச்சி உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டாள்.

நாம் மட்டும் செய்த தவறா இது? நம் ஆட்களில் பாதிப் பேர் இப்படித்தான். சாமி பார்த்தது, ஊர் பார்த்தது, இனி எந்தக் காகிதம் பார்க்க வேண்டும் என்று இருந்துவிட்டோம். அமைச்சர் வந்தார், ஆளுக்கொரு வீடு என்றார், மாலையோடு போய்விட்டார். ஆறு மாதத்தில் தோட்டம் கைமாறியது. ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், லயத்தை இடித்தார்கள். சட்டி பானையோடு ஈப்போவுக்கு வந்து, வேலை தேடி, வீடு தேடி, நீயும் தங்கச்சியும் திருமணத்தைப் பதியப் போனபோது குமரனுக்கு ஐந்து மாதம். பிள்ளை பிறந்த அன்று சட்டப்படி நீங்கள் கணவன் மனைவி இல்லையாம். அதனால் பிள்ளை தாயின் கணக்கில் சேருமாம். தாய்க்கு நாடு இல்லை, ஆகவே பிள்ளைக்கும் இல்லை. நீ குடிமகனாக இருந்து ஒரு பயனும் இல்லாமல் போனது. ஒரு நாள்கூட நீ என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம், மச்சான். இரண்டு அறை விட்டிருந்தால்கூட நான் இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருப்பேன்.

இப்போது நீ தாத்தா. குமரனின் மனைவி செல்விக்குப் போன வாரம் ஆண் குழந்தை பிறந்தது. செல்வி குடிமக்களுக்கான நீல அட்டைக்காரி. அவர்களுக்கும் கோயில் கல்யாணம்தான். பதிய எவ்வளவோ அலைந்தார்கள், குமரனிடம் அட்டை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேற்று குழந்தையின் பிறப்பைப் பதிய நானும் கூடப் போனேன். பதிவு அலுவலக முகப்பில் நம் தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். குமரனின் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இதப் போட்டா மேல அனுப்பணும் அண்ணே, எப்ப வரும்னு சொல்ல முடியாது. அப்பா பேர விட்டுட்டா இன்னைக்கே முடிஞ்சிரும். அக்கா குடிமகள்தானே, பிரச்சினை இல்ல."

"காத்திருக்கலாங்க" என்றாள் செல்வி.

"வேணாம்" என்றான் குமரன். "என் பேரு ஒட்டுனா அவனுக்கும் என் கதிதான். விட்டுருங்க."

அந்தப் பெண் அப்பா பேர் எழுதும் கட்டத்தில் கோடு கிழித்தாள்.

ஒரு மணி நேரத்தில் பத்திரம் வந்தது. உன் பேரன் இந்த நாட்டின் குடிமகன். குமரன் அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். தகப்பன் என்ற இடத்தில் தகவல் இல்லை என்று அச்சாகியிருந்தது. செல்வி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, உள்ளிருந்து வந்த மேலதிகாரி குமரனைப் பார்த்து, "நீங்க யாரு? குழந்தைக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

குழந்தை அவன் தோளில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது. முகம் அப்படியே உன் முகம்.

"தெரிஞ்சவன் சார்" என்றான் உன் மகன்.

அந்தச் சொல்லைத்தான் நேற்றிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறேன், மச்சான். உன்னிடம் இறக்கி வைக்கலாம் என்று எழுத உட்கார்ந்தேன். இறங்கவில்லை.