புகைக்குள் எடுத்த படம்

சித்திரை, செவ்வாய் இரவு.

ஊருக்கு மேற்கே தைலமரக்காடு பற்றிக்கொண்டது. மொட்டைமாடியில் ஏறிப் புகையைப் படம் எடுத்தேன். நன்னாரி சர்பத்தில் மிதக்கும் எலுமிச்சைத் துண்டுபோல இருந்தது சூரியன். பகல் மூன்று மணிக்கு அதை வெறுங்கண்ணால் பார்க்க முடிந்ததே! அந்த வியப்பில், ‘கீழச்சிவல்பட்டி இனி வரைபடத்தில் மட்டுமே’ என்று எழுதிக் குடும்ப வாட்ஸப்பில் போட்டுவிட்டேன்.

பினாங்கிலிருந்து தங்கை அழுதுகொண்டே கூப்பிட்டாள். “அண்ணே, எங்க வீடு இருக்கா?”

அவள் பூட்டிவிட்டுப் போன வீடு, இரண்டு தெரு தள்ளிச் சுகமாக நிற்கிறது. ஓடிப்போய் வாசலைப் படம் எடுத்து அனுப்பினேன்.

“இது பழைய படம். ஆறுதலுக்கு அனுப்புறீக. கண்மாயில முதலைன்னீகளே, கடைசியில அது ஓணான்தானே!”

ஈரேழு உலகத்தின் ஒரே சத்தியவானை நம்ப ஆளில்லை. குனிந்து பார்த்தேன். படியெல்லாம் சாம்பல். எரிந்த இலையொன்றில் நரம்புகூட அப்படியே இருந்தது, தொட்டதும் பொடியானது. அந்தச் சாம்பலில் விரலால் இன்றைய தேதியை எழுதி, படம் எடுத்து அனுப்பினேன்.

தேதியைப் பார்த்ததும் மறுபடி கூப்பிட்டாள். “முருகா! நல்லவேளை. ஆமா, வாசல் ஏன் இந்த லட்சணத்துல கெடக்கு? கூட்ட மாட்டீகளா?”

மாட்சிமை தங்கிய அண்ணன், விடிந்ததும் விளக்குமாற்றோடு அங்கே எழுந்தருளுகிறேன்.