கதவில் ஒட்டியிருந்த அம்மா

அன்புள்ள ராலித்சா அக்காவுக்கு,

யாவோர் எழுதுகிறேன். வலென்சியாவில் நல்ல வெயிலாமே. இங்கே பிளெவெனில் ஒரே சேறு. நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை.

கல்லூரியை விட்டவன் எதையும் முடிக்கமாட்டான் என்பாயே, ஒன்றை முடித்துவிட்டேன். அப்பா இருக்கும் முதியோர் இல்லத்துக்காக எங்கள் குழு செய்துவந்த விளையாட்டு. மறதி நோய்க்காரர்கள் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தங்கள் தெருவில் நடக்கலாம். ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது, மனசு அடங்கினால் போதும். முதலில் அப்பாவைத்தான் உட்காரவைத்தேன். போன வசந்தத்தில் நம் தெருவை நானே படம் எடுத்து, அப்படியே உள்ளே கட்டியிருந்தேன்.

என்னமாய்ச் சிரித்தார் தெரியுமா! டிராலிபஸ்ஸிலிருந்து இறங்கினார், சீஸ் அடைத்த சூடான பனித்சா ஒன்று வாங்கினார். "நேத்து குடுத்தது எண்ணெயில நீச்சலடிச்சுது, இன்னைக்காவது ஒழுங்கா குடும்மா" என்று கடைக்காரியை வம்புக்கு இழுத்தார். செவிலி ஸ்த்ராவ்கா என் காதில், "உங்கப்பாவுக்கு இவ்ளோ வாயா? எங்ககிட்ட உப்புகூடக் கேக்கமாட்டாரே" என்றாள்.

பிறகு நம் வீட்டு வாசலுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றுவதுபோல் கையைத் தலைக்குக் கொண்டுபோனார்.

கதவில் அம்மாவின் இறப்பு அறிவிப்பு, அக்கா. கறுப்புக் கரை, படம், பெயர் எல்லாம். நம் ஊரில் எந்தக் கதவில், எந்த மரத்தில்தான் அது இல்லை? பார்த்துப் பார்த்து நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. எங்கள் குழுவே பார்த்தது, ஒருவருக்கும் உறைக்கவில்லை. அப்பா நின்று படித்தார். "நெதியால்கா போயிட்டாளா? எப்படா? ஏன்டா எங்கிட்ட யாருமே சொல்லல?" என்று கேட்டார். அடக்கத்தன்று முதல் பிடி மண் போட்டவர் அவர்தான்.

அன்றே அந்தத் தாளை விளையாட்டிலிருந்து அழித்துவிட்டேன். அது அதைவிட மோசமாகப் போயிற்று. இப்போது தினமும் அந்தக் கதவைத் தட்டுகிறார். "பனித்சா ஆறுது, தெற நெதியால்கா" என்கிறார். கதவுக்குப் பின்னால் நான் எதையும் கட்டவில்லை. "கீழ்வீட்டுக்காரிகிட்ட ஊர்வம்பு பேசிட்டிருப்பா, வந்துடுவா" என்று எனக்கே சமாதானம் சொல்கிறார். கண்ணாடியைக் கழற்றப் போனால், "இருடா, அவ வரட்டும்" என்று கையைத் தட்டிவிடுகிறார். ஸ்த்ராவ்கா நிறுத்தச் சொல்கிறாள். நிறுத்தினால் மறுபடி சுவரைப் பார்த்தே உட்கார்ந்துவிடுவார்.

அதனால் கேட்கிறேன். உனக்கு அம்மாவின் குரல். அடக்கத்துக்கு வரமுடியாமல் நீ போனில் அழுதபோது, அம்மாதான் என்று அத்தை அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தாள். "இதோ வந்துட்டேன், இருங்க." இவ்வளவுதான். பேசி, பதிவுசெய்து அனுப்பு. கதவை நான் திறக்கவைக்கிறேன். பொய்தான், எனக்கும் தெரியும்.

பொய் சொல்ல மனம் வராவிட்டால் அனுப்பாதே, நேரில் கிளம்பி வா. நீ யார் என்று கேட்பார், கோபித்துக்கொள்ளாதே. என்னை டிராலிபஸ் கண்டக்டர் என்றுதான் நினைக்கிறார்.

அங்கே மாமாவும் குழந்தைகளும் சுகமாக இருக்கட்டும். தட்டினால் திறக்க உன் வீட்டில் எப்போதும் ஆள் இருக்கட்டும்.

உன் தம்பி,
யாவோர்