பெயரில்லாத கல்

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

பிரான்ஸில் ஆற்றோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு, பழைய போரில் செத்த பெயர் தெரியாத சிப்பாயின் கல்லறையில் நீங்கள் பூ வைக்கும் படம் வந்தது. முகத்தில்தான் என்ன துக்கம்!

அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, “எம்புட்டு அழுதிருக்கான்! உள்ள கெடக்கவிய நமக்கு என்ன மொறை?” என்று கேட்டாள்.

அப்பா பேண்டேஜ் கம்பெனி வேலைக்குச் சைக்கிள் மிதித்தது அன்று உங்களுக்கு அசிங்கம். அவர் செத்து அடக்கம் செய்த அன்று ஊருக்கு வர உங்களுக்குக் கிடைக்காத லீவு, இப்போது சைக்கிள் மிதிக்கக் கிடைத்திருக்கிறது. சந்தோஷம்.

நாளை கல்லறைத் திருநாள். இராஜபாளையத்தில் எல்லாரும் கல்லறைக்கு வெள்ளையடிக்கிறார்கள். நானும் அடித்தேன். கல்லில் வெட்ட அப்பாவின் பெயரைக் கேட்டார் கொத்தனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெயரில்லாமல் கிடந்தால்தானே நீங்கள் சைக்கிளை விட்டு இறங்குவீர்கள்?

இப்படிக்கு,
அப்பாவின் மகள்.