ஈரச் சிம்னியும் ஒரு தட்டுத் தேயிலையும்

ஜனவரி 4, சனி

காலையில் பனிமூட்டம், தூறல். தூறல் விட்டதும் கூரையில் ஏறினேன். இறங்க முடியவில்லை.

சிம்னி எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கப் போன ஆள், ஏணியைக் காலால் தள்ளிவிட்டேன். அது லீக்ஸ் பாத்தியில் விழுந்தது. நான் சிம்னியைக் கட்டிப் பிடித்தபடி. மனைவி பாக்கியம் கடைக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் மொத்தமும் கீழ்ப் பாதையில். போதாததற்குக் காற்று. இடுப்பில் கட்டியிருந்தது சாரம்.

"என்னண்ணே, கொடி ஏத்தப் போனீங்களா?" மாரியாயிதான்.

"ஏணி விழுந்திருச்சு தாயி. எடுத்து வச்சிட்டுப் போங்க."

"இருங்க, பின்னால வர்றவங்களும் பாத்துரட்டும்."

பார்த்தார்கள். பிறகுதான் ஏணி வந்தது.

இந்த வயதில் எனக்கு எதற்கு இந்த வேலை? தர்ஷினிக்காக. மகளுக்குத் தை மாதம் வளைகாப்பு, வத்தளையில், மாப்பிள்ளை வீட்டில். வளையல் போட்ட கையோடு தாய் வீட்டுக்குக் கூட்டி வருவது வழக்கம். தலைப்பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வருவதும் இங்கேதான். கொடுப்பதற்கு இருப்பது முன் அறை ஒன்று. அதில்தான் சிம்னிச் சுவர். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்ட உத்தியோகத்தருக்குக் கட்டிய ஸ்டாப் குவாட்டஸ் இது. அவன் அந்தக் கணப்பில் விறகு எரித்துக் குளிர் காய்ந்தான். நாங்கள் அதை அடைத்து டிவி மாட்டினோம். சுவர் அழுகிறது.

தீபாவளிக்கு வந்த சம்பந்தியம்மா அந்த அறையில் மூக்கைப் பொத்தவில்லை. அது அவங்க பெரிய மனசு. ஆனால் சொல்லிவிட்டுப் போனார்: "பூஞ்சணம் புடிச்ச ரூமுல பச்சப் புள்ளயப் படுக்க வைக்க முடியாதுங்க. செவரு காயட்டும், அனுப்புறேன். இல்லன்னா எங்ககிட்டயே இருக்கட்டும்."

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

தர்ஷினி போனில், "பரவால்லப்பா, நான் இங்கயே இருந்துக்கிறேன்" என்றாள். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டாள்.

ஜனவரி 5, ஞாயிறு

வெயில். பொகவந்தலாவையிலிருந்து சிறிபால பாஸ் வந்தார். மேசன். தமிழ் பேசுவார், சிங்கள ராகத்தில்.

சிம்னியும் கூரையும் சேரும் இடத்தைச் சுற்றித் தகரம் இருக்க வேண்டுமாம். இருந்தது, துருவாக. அதன் மேல் சிமெந்து. அதன் மேல் தார். அதன் மேல் உரப் பை. அதன் மேல் திரும்பவும் சிமெந்து.

"அண்ணே, இது எந்த பாஸ் செஞ்ச வேலை?"

"தெரியல பாஸ். இந்த வீட்டுல முந்தி இருந்தவங்களா இருக்கும்."

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பாக்கியம்: "ஆமா பாஸ், முந்தி இருந்தவருதான். இன்னும் காலி பண்ணல."

எல்லாவற்றையும் கொத்தி எடுத்தோம். புதுத் தகரம் மடித்து வைத்தாச்சு. செங்கல் இடுக்குகளுக்குச் சாந்து. பாஸுக்கு மத்தியானம் சோறு, பருப்பு, கருவாடு. இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார்.

வாங்க வேண்டியது: தேய்க்கிற பிரஷ், சுண்ணாம்பு, சீனி, பல்பு.

ஜனவரி 8, புதன்

மழை. நல்ல மழை. இந்த வருடம் மழையைச் சந்தோஷமாகப் பார்த்தது இதுதான் முதல் தடவை. வருடம் பிறந்து ஒரு வாரம்தான், அது வேறு விஷயம்.

ஒரு சொட்டு இறங்கவில்லை. ஒழுகும் இடத்தில் வைத்திருந்த வாளியைக் கொண்டுபோய்ப் பாக்கியத்துக்கு முன்னால் கவிழ்த்துக் காட்டினேன்.

"வாளி காஞ்சிருக்கு, சரி. செவரு?"

கை வைத்துப் பார்த்தேன். தவளையைத் தொட்ட மாதிரி.

ஜனவரி 9, வியாழன்

நேற்று படுக்கப் போகும்போது ஒரு தட்டில் காய்ந்த தேயிலையைப் பரப்பி முன் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். தேயிலைப் பெக்டரியில் வேலை செய்கிற எவருக்கும் தெரிந்ததுதான். தேயிலை பக்கத்தில் உள்ள ஈரத்தையும் வாடையையும் இழுத்துக்கொள்ளும். அறை காய்ந்திருந்தால் காலையிலும் விரலில் நொறுங்க வேண்டும்.

நொறுங்கவில்லை. வளைந்தது. தேத்தண்ணி போட்டும் குடித்துப் பார்த்தேன். நனைந்த குடையின் ருசி. (குடையை ருசி பார்த்தது கிடையாது. ஆனால் அதேதான்.)

தர்ஷினிக்குப் போன். காய்ந்துகொண்டு வருகிறது என்றேன். "சரிப்பா" என்றாள். நம்பவில்லை. என் குணம் தெரிந்த பிள்ளை.

ஜனவரி 10, வெள்ளி

இன்று வேலையில் சங்கடம். எனக்குப் பெக்டரி மேல்மாடியில் வேலை, கொழுந்து வாட வைப்பது. நீளத் தொட்டியில் வலை, வலைமேல் கொழுந்து, அடியிலிருந்து பெரிய விசிறிக் காற்று. இன்று ஒரு விசிறி நின்றுவிட்டது. மழைக் கொழுந்து வேறு. அப்படியே புழுங்கிப் போகப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் புலம்பினேன். "காத்து இல்லாம ஒண்ணும் ஆகல. இருக்கிற ஜன்னல் எல்லாத்தையும் தெறந்துவிட்டப்புறந்தான் கொழுந்து தப்பிச்சிச்சு."

அவள் ரொட்டி தட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்: "கொழுந்துக்கு ஜன்னலத் தெறந்தீங்க. சிம்னிக்கு?"

தின்றுகொண்டிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தேன்.

டிவி மாட்டுவதற்காகக் கணப்பின் வாயைப் பலகை வைத்துச் சிமெந்து பூசி அடைத்தேன். மழை விழுகிறது என்று மேலே சிம்னி வாயில் கொங்கிரீட் மூடி போட்டேன். இரண்டு பக்கமும் அடைப்பு. உள்ளே போன ஈரம் எந்த வழியாக வெளியே வரும்? வாழ்க்கையில் தெரிந்த தொழில் எனக்கு ஒன்றே ஒன்று. காற்று விட்டு ஈரம் எடுப்பது. அதை ஊரான் தேயிலைக்குச் செய்துவிட்டு, சொந்தச் சுவரை மூச்சு முட்ட வைத்திருக்கிறேன்.

"அடைச்சது யாருங்க?" என்றாள்.

"முந்தி இருந்தவரு."

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

ஜனவரி 12, ஞாயிறு

அலவாங்கு போட்டுப் பலகையைப் பெயர்த்தேன். உள்ளேயிருந்து வந்தவை: கரி, ஒரு பழைய குருவிக் கூடு, ஒரு டென்னிஸ் பந்து, மறுபடியும் கரி. முகம் கழுவியும் போகவில்லை. மேலே பாஸ் கொங்கிரீட் மூடியைத் தூக்கிய அந்த நிமிஷம், சுவரில் தொங்கிய கலண்டரின் தாள்கள் தானாக அசைந்தன. நானும் பாக்கியமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மூடிக்குப் பதிலாக நாலு கால் வைத்த தகரத் தொப்பி. மழை உள்ளே விழாது, காற்று வெளியே போகும்.

பிறகு நெருப்பு. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, ஒரு கட்டு. முதலில் புகை முழுக்க அறைக்குள். பாக்கியம் திட்ட வாயெடுப்பதற்குள் சிம்னி ஒரு தடவை இருமியது மாதிரி இருந்தது, புகை மேலே போகத் தொடங்கியது. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த மாரியாயி பாதையில் நின்று பார்த்தாள்.

"அண்ணே, வீட்டுலயும் பெக்டரி ஓடுதா?"

"ஓடுது தாயி. இன்னைக்கு ஏணி விழல."

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. தட்டுத் தேயிலை ஓரத்தில் நொறுங்குகிறது, நடுவில் இன்னும் வளைகிறது. தினமும் சின்ன நெருப்பு. டிவி இப்போது அரிசி வாளி மேல். செய்தி வாசிக்கிற பெண் கொஞ்சம் சாய்ந்துதான் வாசிக்கிறாள்.

தர்ஷினி பொங்கலுக்குப் பேசினாள். சுவரைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜனவரி 18, சனி

கடும் பனி, புல்லெல்லாம் வெள்ளை. பூஞ்சணம் தேய்த்த இடத்துக்குச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு. தேயிலையை எடுத்துப் பாக்கியத்தின் காதுக்குப் பக்கத்தில் வைத்து நசுக்கினேன். சத்தம் கேட்டது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. காதுல தூள் விழுது, தள்ளிப் போங்க."

நாளைக்கு மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் வளைகாப்புக்கு அழைக்க வருகிறார்கள். அழைக்க மட்டும் வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஜனவரி 19, ஞாயிறு

பாக்கியம் அவசரத்தில் டின்னைத் தேடாமல், கைக்கு எட்டிய தட்டுத் தேயிலையில் தேத்தண்ணி போட்டுவிட்டாள். இரவெல்லாம் அந்த அறையில் இருந்த தேயிலை. கோப்பை சம்பந்தியம்மா கைக்குப் போன பிறகுதான் எனக்குக் கண்ணால் காட்டினாள்.

அவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய்.

"தேயில நல்லா இருக்குங்க. புதுசா?"

"ஆமாங்க" என்றேன்.

எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். கையை எடுத்து முகர்ந்து பார்த்தார். மாப்பிள்ளையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "காஞ்சிருச்சு மாமா" என்றார்.

"அனுப்பி வைக்கிறேன். ஆனா புள்ள வந்தப்புறம் இதுல நெருப்புப் போடக் கூடாது" என்றார் சம்பந்தியம்மா.

"இல்லைங்க. காத்துக்கு மட்டுந்தான் தெறந்திருக்கும்."

அவர்கள் போன பிறகு மீதித் தேத்தண்ணியை நானும் குடித்தேன். குடை ருசி இல்லை.

பெப்ரவரி 2, ஞாயிறு

கூட்டி வந்துவிட்டோம். பஸ் வளைவுகளில் தர்ஷினிக்குத் தலைசுற்றல், மற்றபடி சுகம். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். அறைக்குள் போனதும் கட்டிலில்கூட உட்காரவில்லை, நேரே சுவருக்குப் போய்க் கையை வைத்தாள். வளையல் சுவரில் பட்டுச் சத்தம். நான் திரைச்சீலையைச் சரி பண்ணுவதுபோல் நின்றேன். அது சரியாகத்தான் இருந்தது.

"ப்பா, நான் அங்கயே இருந்திருந்தா இந்த ரூம என்ன பண்ணியிருப்பீங்க?"

"டிவிய திரும்ப மாட்டியிருப்பேன்."

அம்மாவும் மகளும் சிரித்தார்கள்.

உண்மையில் அந்த அறையைப் பூட்டியிருப்பேன்.