கதவைச் சாத்தி உதறிய சட்டை

என்னங்க,

அம்மா வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்களிடம் சொல்லாமல் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று மாதம் தள்ளிப்போனதைத் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேனே, அது பிள்ளை இல்லையாம். என் இரத்தத்தில் ஈயம் கலந்திருக்கிறதாம். அது உடம்பின் ஹார்மோன்களைக் கலைத்து, தைராய்டையும் மாதவிலக்கையும் தாறுமாறாக்கிவிடுமாம்.

"நான் வீட்டு வாசலைத் தாண்டாதவ. எனக்கு ஏதும்மா ஈயம்?" என்றேன்.

"வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்?"

"பட்டறையில பழைய பேட்டரியை உடைச்சு ஈயம் உருக்குறார்."

"அவர் சட்டையை யாரு துவைக்கிறது?"

நான்தான். மாடிக்காரி காயப்போட்ட துணியில் தூசி படியக்கூடாதென்று, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் உங்கள் சட்டையை உள்ளேயே உதறினேன். மாடிக்காரி நன்றாகத்தான் இருக்கிறாள்.

"இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது" என்றும் டாக்டரம்மா சொல்கிறார். அப்படியானால் எதனால்? எந்தப் பாவத்துக்கு இத்தனை நாள் பிள்ளை வேண்டி விரதமிருந்து மன்னிப்புக் கேட்டேன்? அந்த வேலை உங்களுக்குக் கிடைக்க வேண்டுமென்று மன்றாடியதும் நான்தானே. சாமியிடம் இனி எதைக் கேட்பது, எதை வேண்டாமென்பது? ஒன்றும் புரியவில்லை.

வேலையை விடுங்கள் என்று எழுதிவிட்டு, அந்த வரியை அடித்தேன். விடவேண்டாம் என்றும் எழுத வரவில்லை. உங்கள் இரத்தத்தையும் பார்க்கவேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பட்டறையிலேயே தலைக்குக் குளித்து, வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு வாருங்கள். அப்படியும் உங்களைக் கண்டதும் நான் ஓடி வராமல் எட்டவே நின்றால், கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக்காரி