சித்திரை அமாவாசைக்கு முன்னால்

மேட்டூர் அணை,
8-3-1964

பிலாய் இரும்பாலையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, ரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் உடம்பும் அப்படியே இருக்க வேண்டும்.

யாத்திரை முடிந்து ஊர் திரும்பி எட்டு நாள் ஆகிறது. வந்ததும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு இத்தனை நாள் எழுதாமல் இருந்தது தப்புதான். மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன், மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். வழக்கமாக என் கடிதத்தை உங்கள் அறையில் இருக்கும் மணவாளனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வீர்கள். இதைக் கொடுக்க வேண்டாம். எழுத்துக்கூட்டியாவது நீங்களே படியுங்கள். இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.

முதலில் சிதம்பரத்தைச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் போய் இறங்கினோம். கோயில் பெரிய கோயில். நம் லைன் வீடுகள் அத்தனையையும் ஒரு பிராகாரத்தில் வைத்துவிடலாம். உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் என்ன என்று தீட்சிதர் கேட்டார். தெரியாது, அவருக்குச் சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இல்லை என்றேன். சரி, பெயரைச் சொல்லு என்றார். சக்கரபாணி என்று சொன்னேன். அந்த அர்ச்சனை யாருக்குப் போய்ச் சேர்ந்ததோ, நடராஜருக்கே வெளிச்சம்.

சிதம்பரத்தோடு திரும்பிவிடு, கடல் பக்கம் போகாதே, பாப்பாவுக்கு உப்புக்காற்று ஆகாது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். திரும்பத்தான் நினைத்தேன். ஆனால் பஸ் ஏற்பாடு செய்த கண்ணாயிரம், நாளைக்கு மாசி மகம், கிள்ளைக்குப் பக்கத்தில் முழுக்குத்துறையில் சாமிகள் எல்லாம் கடலுக்குத் தீர்த்தமாட வரும், இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பார்க்காமல் போவதா என்றார். நாற்பது பேர் போகும்போது நான் மட்டும் பஸ்ஸில் குந்தியிருப்பேனா? முப்பது வயதாகிறது, கடலைப் பார்த்ததில்லை. கல்யாணம் ஆன நாளாகக் கேட்கிறேன். அணையில் இருக்கிற தண்ணீர் போதாதா என்று ஒவ்வொரு தடவையும் வாயை அடைத்துவிடுவீர்கள். போனேன்.

கிள்ளையில் முதலில் பார்த்ததே ஆச்சரியம். ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் வருகிறார். தர்காவுக்கு எதிரில் அவரை நிறுத்தி, தொப்பி போட்ட முஸ்லிம் பெரியவர்கள் மாலை கொண்டு வந்து சாத்தினார்கள். கண்ணால் பார்த்திராவிட்டால் நான் நம்பியிருக்க மாட்டேன். அங்கிருந்து கூட்டத்தோடு கூட்டமாகக் கடற்கரைக்கு நடந்தோம். ஊர் ஊராகச் சாமிகள், மேளம், மீன்காரப் பெண்கள் தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு குலவை போடுகிறார்கள். கடலைப் பார்த்தேன். மேட்டூர் அணை நிரம்பி நிற்கும்போது பார்த்திருக்கிறேன். அது நிற்கிற தண்ணீர். இது நம்மைப் பார்த்து எழுந்து வருகிறது.

பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கொண்டல் எழும்பிடுச்சி என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் வாசலில் நின்று இன்றைக்குக் கொண்டல், இன்றைக்கு வாடை என்று நீங்கள் சொல்வதும், லைனில் எல்லோரும் உங்களைக் காற்று ஜோசியர் என்று கேலி செய்வதும் நினைவு வந்தது. இந்த ஊரில் எல்லாருமே ஜோசியர்கள் போலிருக்கிறது என்று கூட வந்த ராணியம்மாள் அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அந்தச் சிரிப்பில் பாப்பாவின் கையை விட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அலை அவளை உருட்டிக்கொண்டு போகிறது. கவுன் மட்டும் தெரிகிறது. அவளுக்கு வைத்தது உங்கள் அம்மா பெயர், மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று ஏழு வருஷமாக நான் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன், உங்களுக்கே தெரியும். அன்றைக்குத்தான் முதல் முதலாக, செல்லாயீ, செல்லாயீ என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், நான் கை நீட்டிய பக்கம் பார்த்தாள், அவ்வளவுதான், புடவையோடு பாய்ந்து பாப்பாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். குழந்தை வாயால் மூக்கால் தண்ணீர் விட்டு அழுத பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. காலில் விழப் போனேன். அவள் சிரித்துக்கொண்டு, என் பேரச் சொல்லி யாருடா இந்தக் கத்து கத்தறாங்கன்னு பாத்தேன், ஒம் பொண்ணுக்கும் என் பேருதானா என்றாள்.

ஈரத்தோடு பஸ்ஸில் ஏறினால் குழந்தைக்குச் சுரம் வரும் என்று வீட்டுக்குக் கூட்டிப்போனாள். கடற்கரையை ஒட்டிக் கீற்று வேய்ந்த வீடு. வாசலில் கட்டுமரத்தை அவிழ்த்துக் காயப்போட்டிருந்தார்கள். கீழே கிடந்த கயிற்றைப் பாப்பா தாண்டப் போனாள். கயித்தத் தாண்டாத கண்ணு, சுத்திக்கிட்டு வா என்றாள் அந்தம்மாள். நம் வீட்டில் தொட்டில் கயிறு அவிழ்ந்து தரையில் கிடந்தால் நீங்கள் சொல்வது அதே வார்த்தை. அப்போதும் எனக்கு ஒரு மாதிரி இருந்ததே தவிர, வேறு நினைப்பு வரவில்லை.

சுறாப்புட்டும் சோறும் போட்டாள். பாப்பா பிறந்தபோது, பால் ஊற வேண்டும் என்று நீங்களே அடுப்படியில் நின்று கிண்டிக் கொடுத்தீர்களே, ஆம்பிளை சமைப்பதாவது என்று என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாளே, அந்தச் சுறாப்புட்டு. பூண்டு எத்தனை, மிளகு எத்தனை என்பதுகூட மாறவில்லை.

பாப்பாவை மடியில் போட்டுத் தலை சீவிக்கொண்டே தன் கதையைச் சொன்னாள். நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம், கழுத்தில் தாலி. புருஷன் கடலுக்குப் போய்ப் பன்னிரண்டாவது வருஷம் நடக்கிறதாம். கார்த்திகை மாதம், காற்று சரியில்லை, போக வேண்டாம் என்று எல்லாரும் தடுத்திருக்கிறார்கள். அவர் பிடிவாதமாக, அவள் தம்பி சிங்காரத்தையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். வரமாட்டேன் என்றவனை, பொம்பளையாடா நீ என்று கேட்டுக் கூட்டிப் போனாராம். அன்று சாயங்காலமே புயல். மூன்றாம் நாள் தம்பியின் உடல் கரை ஒதுங்கியது. அவர் உடல் ஒதுங்கவே இல்லை. குழந்தை குட்டி கிடையாது. பொணத்தப் பாக்காம பொட்ட அழிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன் என்றாள்.

அப்போது அவள் கொழுந்தன் கலியபெருமாள் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மாமா, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் நெற்றி, உங்கள் மூக்கு, உள்ளே வரும்போது தலையைச் சாய்த்துக் குனிகிற குனிதல்கூட. உலகத்தில் ஒரே முகத்தில் ஏழு பேர் இருப்பார்கள் என்று சொல்வார்களே, அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவர்தான் மீதியைச் சொன்னார். அவர் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். செத்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் வீட்டில் நல்ல காரியம் நடத்தக்கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்களாம். சித்திரை அமாவாசையன்று வைக்கோலில் ஆள் மாதிரி பொம்மை செய்து, பக்கிரி என்று அண்ணன் பெயரைச் சொல்லிக் கொள்ளி வைத்து, கடல் ஓரத்தில் அண்ணியின் தாலியை வாங்கிவிடுவதாக ஏற்பாடு. இனிமேலும் நான் தடுத்தா அந்தப் பொண்ணு என்னா பண்ணும் என்றாள் அந்தம்மாள். அழவில்லை. பின்னலைப் பின்னிக்கொண்டே சொன்னாள்.

கலியபெருமாள் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். பொம்மைக்கு வலது கையில அண்ணி பேர மையால எழுதிடணும், அண்ணன் மஞ்சக்குப்பம் மைதானத்துல போயி அண்ணி பேரப் பச்ச குத்திக்கிட்டு வந்ததுக்கு எங்கம்மா மூணு நாளு சோறு போடல, அது இல்லாம அண்ணன்னு யாரு நம்புவா என்றார்.

நான் பாப்பாவின் வாயைப் பொத்துவதற்குள் அவள் பெருமையாகச் சொல்லிவிட்டாள், எங்க அப்பா வலது கையில என் பேரப் பச்சை குத்தியிருக்காரே என்று.

கலியபெருமாள், பொண்ணு மேல அவ்ளோ பாசமா உங்கப்பாவுக்கு என்று அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வெளியே போய்விட்டார். அந்தம்மாளின் கையில் சீப்பு நின்றுவிட்டது. பாப்பாவின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை. உன் வீட்டுக்காரருக்கு எந்த ஊர் என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை. பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, சிங்காரம் போனதுக்கு எங்கம்மா யாரையும் ஒரு வார்த்த ஏசல, புள்ள போனது போனதுதான், மருமவன் வந்து வாசல்ல நின்னா போதும்னே சொல்லிக்கிட்டு இருந்துச்சி, போன வருசந்தான் கண்ண மூடுச்சி என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை மாமா. சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நிமிஷமே உங்களை இழந்துவிடுவேன் என்று பயந்து, என் குழந்தையின் உயிரைக் காப்பாற்றியவள் முன்னால் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன். புறப்படும்போது வழியனுப்ப வந்தவள், அமாவாசைக்கு இன்னும் நாளு கெடக்குது என்று மட்டும் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. கடலைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அதற்கப்புறம் கடலூர் போனோம். மஞ்சக்குப்பத்து மைதானத்தில் உட்கார்ந்து எல்லாரும் புளிச்சோறு சாப்பிட்டார்கள். ஏன் பேயறைந்த மாதிரி இருக்கிறாய் என்று ராணியம்மாள் அக்கா கேட்டார். காதில் கடல் தண்ணீர் போய்விட்டது என்றேன். திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்கும் போனோமாம். எனக்கு அங்கே என்ன பார்த்தேன் என்றே நினைவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்தால் ஒவ்வொன்றாக வருகிறது. கையில் இருப்பது அம்மா பெயர் என்றீர்கள். முகம் பார்க்காத மாமியாரின் பெயராவது வீட்டில் இருக்கட்டும் என்று நான்தான் பிடிவாதமாகக் குழந்தைக்கு வைத்தேன். நீங்கள் வேண்டாம், வேறு பெயர் வை என்று ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்கள். அம்மா மேல் உள்ள துக்கம் என்று நினைத்து உங்கள் தலையைத் தடவிக் கொடுத்தேன், மடச்சி. எட்டு வருஷமாக ஆடி அமாவாசைக்கு இலை போட்டு, அத்தை, வந்து சாப்பிடுங்கள் என்று கும்பிட்டிருக்கிறேன். நீங்கள் அன்றைக்கு மட்டும் விடியுமுன்பே வேலைக்குப் போய்விடுவீர்கள். உயிரோடு இருக்கிற ஒருத்திக்கு நான் படையல் போட்டேன். உயிரோடு இருக்கிற உங்களுக்கு அவர்கள் சித்திரையில் கொள்ளி வைக்கப் போகிறார்கள். இப்படி ஒரு கூத்தை எந்த ஊரிலாவது கேட்டிருக்கிறோமா?

எப்படித் தப்பினீர்கள், எந்தக் கரையில் ஏறினீர்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. மச்சானைக் கொண்டுபோய்ச் சாகக் கொடுத்துவிட்டு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஓடியிருப்பீர்கள். அதற்கு மேல் கெட்ட எண்ணம் உங்களுக்கு இருந்திருக்காது. உங்களோடு ஒன்பது வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அதுகூடவா தெரியாது? உங்களை வெறுத்துப் பார்த்தேன். இரண்டு நாளுக்கு மேல் முடியவில்லை. ஆனால் கோபம் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு வருஷத்துக்கும் சேர்த்து இருக்கிறது.

இந்தக் கடிதம் கண்டதும் லீவு போடுங்கள். அமாவாசை மே மாதம் பதினோராம் தேதி. அதற்குள் போய்விட வேண்டும். இங்கே இறங்க வேண்டாம். இறங்கினால் பாப்பா காலைக் கட்டிக்கொள்வாள், நானும் விடமாட்டேன். நேரே கிள்ளைக்குப் போங்கள். பகலில் போங்கள், நாலு பேர் பார்க்கப் போங்கள், ஒளிந்து போக வேண்டாம். அந்த வாசலில் போய் நின்றால் போதும், பேச வேண்டியதை அவர்கள் பேசுவார்கள். போனபின் இங்கே திரும்பி வருவீர்களா, அங்கேயே இருந்துவிடுவீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் உங்களுக்குக் கால் எழும்பாது. அப்பா எப்போது வருவார் என்று பாப்பா கேட்டால் என்ன சொல்வது என்பதை நான் யோசித்துக்கொள்கிறேன்.

எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருங்கள். தினமும் விளக்கு ஏற்றும்போது நான் வேண்டுவது அதுதான். அந்த அக்காவும் பன்னிரண்டு வருஷமாக அதையேதான் வேண்டியிருக்கிறார். பலிக்கவில்லை என்று ஊரே அவரிடம் சொல்லிவிட்டது. பலித்தது என்று நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள்.

ரத்தினம்