மாசி மகத்துக்குக் கடலில் இறங்கினேன், அக்கா

என் ஆசை சரசாக்கா,

இந்த மாசி மகத்துக்கு நான் கடலில் இறங்கினேன். மாமல்லபுரத்தில், அதே இடத்தில்தான். இடுப்பளவுத் தண்ணீரில் முழுக்குப் போட்டுவிட்டு, ஈரப் புடவையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொள்ளாமல் கரையேறினேன். உனக்கு முதலில் சொல்ல வேண்டிய சேதி இதுதான்.

எனக்கும் வந்தது அக்கா. அதே மார்புப் புற்றுநோய், உனக்கு எடுத்த அதே இடது பக்கம். குளிக்கும்போது கட்டி தட்டுப்பட்ட அன்றைக்கு நான் பயந்தது சாவுக்கு இல்லை என்றால் நம்புவாயா? உன் கேழ்வரகுப் பைக்குத்தான் பயந்தேன்.

மறந்திருக்க மாட்டாய். ஆபரேஷனுக்குப் பிறகு, பஞ்சு வைத்தால் கனமில்லாமல் மேலே மேலே ஏறுகிறது என்று, பழைய பாவாடைத் துணியில் பை தைத்துக் கேழ்வரகை நிரப்பி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாய். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் மாசி மகத்துக்குக் கடலில் இறங்கினாய். ஒரே அலை. பை நழுவி, தையல் பிரிந்து, ஊர்ச்சனம் பார்க்க ஈரக் கேழ்வரகு உன் வயிற்றில் வழிந்தது. யாரோ சிரித்தார்கள். அதற்கப்புறம் சாகிறவரைக்கும் நீ கடல் பக்கமே வரவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "அந்த எடத்துல வேற எதுனா வெக்க முடியுமா டாக்டர்?" என்று மெதுவாகக் கேட்டாய். அவர் வாய் திறப்பதற்குள், நம்மை வளர்த்த பெரியம்மா முந்திக்கொண்டாள். "உசுரு கீதே, அது போதாதா? புள்ள பெத்தவளுக்கு இன்னாத்துக்கு இந்த ஆசை?" நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

எடுத்த இடத்தில் வேறு வைத்துக்கொள்ளப் போகிறேன் என்றதும் அதையேதான் என்னிடமும் கேட்டாள். நான் குனியவில்லை. "பெரிப்பா பல்லு கட்டிக்கினு முறுக்கு கடிக்கிறாரே, அவர இன்னாத்துக்குன்னு கேட்டியா நீ?" என்றேன். பாவம், பெரியப்பா முறுக்கைக் கீழே வைத்துவிட்டார். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

சென்னையில்தான் செய்தார்கள். எடுத்த இடத்தில் தசைக்கு அடியில் ஒரு பையை வைத்து, போகும்போதெல்லாம் ஊசியால் உப்புத்தண்ணீர் ஏற்றித் தோலை விரித்தார்கள். செங்கல்பட்டுக்கு ரயிலில் திரும்பும்போது நெஞ்சு இறுகிக் கிடக்கும். பிறகு அதை எடுத்துவிட்டு சிலிக்கான் இம்பிளான்ட் வைத்தார்கள். பழையபடி ஆகிவிட்டதா என்று கேட்காதே, ஆகவில்லை. தழும்பு இருக்கிறது, காம்பு இல்லை, தொட்டால் உணர்ச்சியும் இல்லை. ஆனால் ரவிக்கைக்குள் நான் எதையும் திணிக்க வேண்டியதில்லை.

கரையில் பெரியம்மா துண்டோடு நின்றாள். துவட்டுகிற சாக்கில் விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"தொட்டா தெரிதாடி?"

"தெரில."

"அப்பறம் இன்னாத்துக்குடி இது?"

"எனுக்கு வேணும், பெரிம்மா."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகவே சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை உன்னைச் சொல்ல விட்டிருந்தால், நீயும் ஒருமுறையாவது கடலுக்கு வந்திருப்பாய்தானே அக்கா?

உன் மகள் இப்போது ஸ்கூட்டி ஓட்டுகிறாள். வருகிற மாசி மகத்துக்கு அவள் பின்னால் உட்கார்ந்துதான் போகப்போகிறேன். நீ இறங்கிய இடத்திலேயே நாங்கள் இரண்டு பேரும் இறங்குவோம். உன் பேருக்கும் ஒரு முழுக்குப் போடுவேன். எவராவது சிரிக்கட்டும், நான் இருக்கிறேன்.

உன் கூடப்பிறந்த வாயாடி,
வசந்தி